பண்டோராவிடம் பெட்டி இல்லை: கிரேக்கப் புராணக் கேள்வி பதில்

கிரேக்கப் புராணங்களைப் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொன்னது தப்பாகிவிட்டது. கேள்விகள் குவிந்துவிட்டன, பாதிக்குமேல் மெடூசாவைப் பற்றியவை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். நான் பேராசிரியர் அல்ல. இந்தக் கதைகளின் பழைய வடிவங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் படிப்பது பல வருடப் பழக்கம், அவ்வளவுதான்.

கேள்வி: கிரேக்கப் புராணத்துக்கு மூலநூல் எது? ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொரு மாதிரி இருக்கிறதே, எதைச் சரியான கதை என்று எடுத்துக்கொள்வது?

அப்படி ஒரு மூலநூல் கிடையாது. ஹோமரின் இலியட்டும் ஒடிசியும், கி.மு. 700ஐ ஒட்டி வாழ்ந்த ஹெசியடின் பாடல்களும்தான் கைக்குக் கிடைப்பவற்றில் பழையவை. தெய்வங்களின் வம்சாவளியைக் கிரேக்கர்களுக்கு வகுத்துக் கொடுத்தவர்கள் இவர்கள் இருவரும்தான் என்று பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். ஆனாலும் அவர்கள் சொன்னது வேதவாக்காகிவிடவில்லை. ஊருக்கு ஒரு கதை, கவிஞருக்கு ஒரு கதை. கி.மு. 412இல் யூரிப்பிடிஸ் ஏதென்ஸில் அரங்கேற்றிய நாடகத்தில், ட்ராய் போருக்கே காரணமானவள் என்று சொல்லப்படும் ஹெலன் ட்ராய்க்கே போகவில்லை. போனது அவளைப் போலச் செய்த மாயவுருவம். அசல் ஹெலன் எகிப்தில் பத்திரமாக இருந்தாள். பத்து வருடப் போர் ஒரு நிழலுக்காக! (மாயாசீதை நினைவுக்கு வருகிறாளா? எனக்கும் வந்தாள். அதற்காக இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட வேண்டாம்.) ஏதென்ஸ் ரசிகர்கள் "இது தவறான கதை" என்று எழுந்து போய்விடவில்லை. ஆகவே "சரியான கதை எது" என்று என்னிடம் கேட்காதீர்கள். "யார் சொன்னது, எப்போது சொன்னது" என்று கேளுங்கள்.

கேள்வி: மெடூசா அரக்கியா, பாதிக்கப்பட்ட பெண்ணா? அதீனா தேவியின் சாபத்தால்தான் அவள் அப்படி ஆனாள் என்பதே உண்மையான கதை என்கிறார்களே?

பதினேழு பேர் கேட்டதால் விரிவாகவே எழுதுகிறேன்.

ஹெசியடிடம் மெடூசா பிறவியிலேயே கொர்கன், அதாவது அரக்கி. ஸ்தெனோ, யூரியாலி, மெடூசா என்று மூன்று சகோதரிகள். மற்ற இருவருக்கும் சாவு கிடையாது. இவளுக்கு மட்டும் உண்டு. ஏன் என்று அவர் சொல்வதில்லை. கடல் தெய்வம் பொசைடன் அவளோடு கூடியது மென்மையான புல்வெளியில், வசந்த காலப் பூக்களின் நடுவே. கோயிலும் இல்லை, சாபமும் இல்லை. பெர்சியஸ் என்ற வீரன் தலையைக் கொய்ததும் கழுத்திலிருந்து பெகாசஸ் என்ற குதிரையும் கிரிசாவோர் என்ற மகனும் வெளியே வருகிறார்கள்.

கோர்ஃபு தீவில் கி.மு. 580 வாக்கில் கட்டிய ஆர்ட்டெமிஸ் கோயிலின் முகப்புச் சிற்பத்தைப் படத்திலாவது பாருங்கள். நடுவில் ஏறக்குறைய மூன்று மீட்டர் உயரத்தில் மெடூசா. உருட்டிய கண்கள், வெளியே தொங்கும் நாக்கு, இடுப்பில் ஒன்றோடொன்று முறுக்கிய இரண்டு பாம்புகள், ஓடுவதுபோல் மடங்கிய முழங்கால். பக்கத்தில் அவளுடைய இரண்டு பிள்ளைகள். தலை வெட்டுப்பட்ட பிறகு பிறக்க வேண்டிய பிள்ளைகள் தலை இருக்கும்போதே நிற்பது சிற்பிக்கு உறுத்தவில்லை. அந்த முகத்துக்கு அங்கே வேலை வேறு: கெட்டதை விரட்டுவது. நம் ஊரில் கட்டி முடியாத வீட்டில் தொங்கும் திருஷ்டி பொம்மை செய்கிற அதே வேலை.

நீங்கள் சொல்லும் கதை ஓவிட் என்ற ரோமானியக் கவிஞருடையது, கி.பி. 8 வாக்கில் எழுதியது. ஹெசியடுக்கும் அவருக்கும் இடையே ஏழு நூற்றாண்டுகள். அழகான கூந்தல் உள்ள பெண், கோயிலுக்குள் கடல் தெய்வத்தின் வன்முறை, தண்டனையோ அவளுக்கு: கூந்தலை அதீனா பாம்புகளாக்கிவிடுகிறாள். இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. பெர்சியஸின் கல்யாண விருந்தில், மூன்று சகோதரிகளில் அவளுக்கு மட்டும் ஏன் பாம்புக் கூந்தல் என்று யாரோ கேட்கிறார்கள். பதில் சொல்பவன் பெர்சியஸ். கொன்றவனே அவளுடைய கதையைச் சொல்கிறான், அதுவும் சாப்பாட்டு மேசையில். ஓவிட் இதைத் தெரியாமல் செய்திருப்பார் என்று நான் நம்பவில்லை. எனவே அவருடைய கதையைப் பொய் என்று தள்ள மாட்டேன். ஆனால் அதுதான் ஆதிக்கதை என்று சொன்னால் ஒப்புக்கொள்ளவும் மாட்டேன்.

கேள்வி: அக்கிலிஸின் குதிகால் இலியட்டில் எந்தப் பகுதியில் வருகிறது? தேடித் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

கிடைக்காது, ஏனென்றால் இல்லை. தாய் தெட்டிஸ் குழந்தையின் காலைப் பிடித்து ஸ்டிக்ஸ் ஆற்றில் முக்கியெடுத்த கதை (பிடித்த குதிகாலைத் தவிர உடம்பில் ஆயுதம் பாயாது என்பது), நமக்குத் தெரிந்த அளவில் கி.பி. முதல் நூற்றாண்டில் ஸ்டேஷியஸ் என்ற இலத்தீன் கவிஞரிடம்தான் முதலில் எழுத்தில் வருகிறது. இலியட்டின் 21ஆம் பகுதியில் அஸ்டெரோபியஸ் என்ற வீரன் இரண்டு கைகளாலும் ஒரே நேரத்தில் இரண்டு ஈட்டிகளை எறிகிறான். ஒன்று அக்கிலிஸின் வலது முன்கையை உரச, ரத்தம் பீறிடுகிறது. ஹோமரின் அக்கிலிஸ் ஆயுதம் துளைக்காத உடம்புக்காரன் அல்லன். போரில் இருந்தால் சாவு நிச்சயம் என்று தெரிந்தே இருக்கிறவன். குதிகால் கதை அவனை மட்டம் தட்டிவிட்டது என்பது என் கட்சி.

அடுத்து, ட்ராயை வீழ்த்திய மரக்குதிரையையும் இலியட்டில் தேடாதீர்கள். இலியட் ட்ராய் வீரன் ஹெக்டரின் ஈமச்சடங்கோடு முடிந்துவிடுகிறது. குதிரை ஒடிசியில் வருகிறது; விரிவாக வேண்டுமென்றால் ரோமானியக் கவிஞர் வெர்ஜிலிடம் போக வேண்டும்.

கேள்வி: பண்டோராவின் பெட்டி எவ்வளவு பெரியது?

பெட்டியே இல்லை. முதல் பெண் பண்டோரா திறந்து உலகத்துத் துன்பங்களையெல்லாம் வெளியே விட்ட பாத்திரத்துக்கு ஹெசியட் சொல்வது ‘பித்தோஸ்’: தானியம், எண்ணெய், ஒயின் சேமிக்கும் பெரிய மண் தாழி. கிரீட் தீவின் நோசோஸ் அரண்மனைக் கிடங்குகளில் ஆளுயரத் தாழிகள் இன்றும் வரிசையாக நிற்கின்றன. 16ஆம் நூற்றாண்டில் எராஸ்மஸ் என்ற அறிஞர் இலத்தீனில் எழுதும்போது ‘பிக்ஸிஸ்’, அதாவது சிறு செப்பு, என்று போட்டுவிட்டார். தாழி செப்பாகி, செப்பு பெட்டியாகிவிட்டது. அளவு மாறினால் கதையும் மாறுகிறது. ஆர்வத்தில் ஒரு பெண் திறந்து பார்த்த நகைப்பெட்டி அல்ல அது. ஒரு குடும்பத்தின் வருடச் சேமிப்பு இருக்கும் இடம். அதன் அடியில் தங்கிவிட்ட ‘எல்பிஸ்’ நம்பிக்கையா, வெறும் எதிர்பார்ப்பா, அது உள்ளே இருப்பது மனிதனுக்கு நல்லதா கெட்டதா என்று அறிஞர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள்.

கேள்வி: ஐயா, ஹேடிஸ் என்பவர் நம் எமதர்மன்தானே?

இல்லை. பாசக்கயிற்றோடு வருவதெல்லாம் ஹேடிஸிடம் கிடையாது. வீட்டை விட்டு வெளியே வருவதே அபூர்வம். இறந்தவர்களை அழைத்துப் போவது தெய்வங்களின் தூதன் ஹெர்மிஸ். தீர்ப்பு சொல்வது மினோஸ், ராடமாந்திஸ், ஈயகஸ் என்ற மூவர். ஹேடிஸ் அந்த உலகத்துக்கு அரசன், அவ்வளவே. கெட்டவனும் அல்லன், அந்த வேடத்தைச் சினிமாக்காரர்கள் மாட்டிவிட்டார்கள். பெயரைச் சொல்லவே பயந்து ‘புளூட்டோன்’, செல்வம் உடையவன், என்று மக்கள் அழைத்தார்கள். விதையும் பொன்னும் மண்ணுக்கு அடியில்தானே இருக்கின்றன.

கேள்வி: என் ஏழு வயது மகளுக்குக் கதை சொல்கிறேன். குரோனஸ் தன் பிள்ளைகளை விழுங்கும் இடத்தில் என்ன செய்வதென்று தெரியவில்லை. விட்டுவிடலாமா?

விடாதீர்கள் அம்மா. குழந்தைகளுக்கு மிகவும் பிடித்த இடமே அதுதான். ஜீயஸின் தந்தையான குரோனஸ் மென்று தின்பதில்லை, முழுசாக விழுங்குகிறான். பிறகு ஐந்து பிள்ளைகளும் பத்திரமாக வெளியே வந்துவிடுகிறார்கள். ஆறாவது குழந்தை ஜீயஸுக்குப் பதிலாகத் தாய் ரியா துணியில் சுற்றிக் கொடுத்த கல்லைத்தான் முதலில் கக்குகிறான். அந்தக் கல்லை ஜீயஸ் டெல்ஃபியில் நட்டு வைத்தார் என்கிறார் ஹெசியட். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அங்கே போன பௌசானியஸ் என்ற பயணி அதைப் பார்த்திருக்கிறார்: பெரிய கல் அல்ல, தினமும் எண்ணெய் ஊற்றுகிறார்கள், திருவிழா நாட்களில் பதப்படுத்தாத கம்பளி சாத்துகிறார்கள். மகளிடம் இதையும் சொல்லுங்கள்.

கேள்வி: சைரன்கள் கடற்கன்னிகள்தானே?

பாட்டால் மாலுமிகளை மயக்கும் சைரன்கள் பழைய கிரேக்கப் பானை ஓவியங்களில் பெண் தலை கொண்ட பறவைகள். மீன் வால் பிற்காலத்தில் முளைத்தது.

கேள்வி: மினோட்டார் இருந்த சுழல்வழி மாளிகை உண்மையிலேயே இருந்ததா?

மாட்டுத்தலை மனிதன் இருந்ததற்கு நான் பொறுப்பில்லை. 1900இல் தொல்லியலாளர் ஆர்தர் எவன்ஸ் நோசோஸில் தோண்டத் தொடங்கியபோது கிடைத்தது அறைக்குள் அறையாக நீளும் அரண்மனை. சுவரில் காளையைத் தாண்டிக் குதிப்பவர்களின் ஓவியம். அதைவிட எனக்குப் பிடித்தது ஒரு சின்னக் களிமண் பலகை. 1952இல் மைக்கேல் வென்ட்ரிஸ் ‘லீனியர் பி’ என்ற பழங்கால எழுத்தைப் படித்துக் காட்டிய பிறகு அதில் இருப்பது தெரிந்தது: எல்லாத் தெய்வங்களுக்கும் தேன், ஒரு ஜாடி, லாபிரிந்தின் (அதாவது அந்தச் சுழல்வழி மாளிகையின்) தலைவிக்குத் தேன், ஒரு ஜாடி. கணக்குப்பிள்ளை எழுதிய வரவு செலவு! அந்தத் தலைவி யாரென்று பலகை சொல்வதில்லை. ஆனால் மற்ற எல்லாத் தெய்வங்களுக்கும் சேர்த்து ஒரு ஜாடி, அவளுக்குத் தனியாக ஒரு ஜாடி என்பதைக் கவனியுங்கள்.

கேள்வி: கிரேக்கக் கதைகளில் தமிழகம் எங்காவது வருகிறதா?

ஒரு இடம் உண்டு. கி.மு. 300 வாக்கில் இந்தியாவுக்கு வந்த கிரேக்கத் தூதர் மெகஸ்தனிஸைச் சான்றுகாட்டிப் பிற்கால வரலாற்றாசிரியர் அர்ரியன் எழுதுகிறார்: இந்தியாவில் ஹெராக்ளிஸுக்கு (ஆங்கிலத்தில் ஹெர்குலிஸ்) ஆண்பிள்ளைகள் பலர், பெண் ஒருத்தி, அவள் பெயர் பாண்டையா. அவள் ஆண்ட நாட்டுக்கும் அதே பெயர். தந்தை கொடுத்தவை 500 யானைகள், 4,000 குதிரைப்படை, 1,30,000 காலாட்படை. மகளுக்கு அணிவிக்கக் கடலிலிருந்து முத்து எடுத்தான் என்றும் கதை போகிறது. பெயரும் முத்தும் பாண்டிய நாட்டைத்தான் காட்டுகின்றன என்பது பலர் கருத்து, எனக்கும் அதுவே. ஆனால் பாண்டியர் கிரேக்க வம்சம் என்று கிளம்பிவிடாதீர்கள். வேற்று நாட்டுத் தெய்வத்தைத் தங்கள் தெய்வத்தின் பெயரால் அழைப்பது கிரேக்கர் வழக்கம். இந்த ‘ஹெராக்ளிஸ்’ மதுராவைச் சேர்ந்த சூரசேனர்கள் வணங்கியவன் என்றும் அதே நூலில் இருக்கிறது, கண்ணனாக இருக்கலாம்.

கேள்வி: ஹெராக்ளிஸின் பன்னிரண்டு பணிகளில் உங்களுக்குப் பிடித்தது எது?

முதலில் பத்துதான். பல தலைப் பாம்பு ஹைட்ராவைக் கொல்லும்போது தம்பி மகன் துணைக்கு வந்தான், தொழுவத்தைக் கழுவ ஹெராக்ளிஸ் கூலி பேசினான் என்று, பணிகளைக் கொடுத்த அரசன் யூரிஸ்தியஸ் இரண்டைக் கணக்கில் சேர்க்க மறுத்ததால் பன்னிரண்டானது. மேலதிகாரிகள் அன்றும் அப்படித்தான்.

பிடித்தது தங்க ஆப்பிள்களைக் கொண்டுவரும் கதை. வானத்தைத் தாங்கி நிற்கும் அட்லஸ் ஆப்பிளைப் பறித்துவரப் போக, அதுவரை ஹெராக்ளிஸ் சுமக்கிறான். திரும்பி வந்த அட்லஸுக்கு மறுபடி சுமக்க மனமில்லை. சரி, தலைக்குச் சும்மாடு வைத்துக்கொள்கிறேன், கொஞ்சம் பிடி என்கிறான் ஹெராக்ளிஸ். அட்லஸ் பிடித்ததும் ஆப்பிளை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டுகிறான். ஒலிம்பியாவில் ஜீயஸ் கோயிலுக்காகச் செதுக்கிய பலகை ஒன்றில் இந்தக் காட்சி இருக்கிறது. அட்லஸ் இரண்டு கைகளிலும் ஆப்பிள்களை நீட்டுகிறான். ஹெராக்ளிஸ் தலை குனிந்து நிற்கிறான். பின்னால் அதீனா ஒரே கையால், சிரமமே இல்லாமல், வானத்துக்கு முட்டுக் கொடுக்கிறாள். ஹெராக்ளிஸின் தோளில், இரண்டாக மடித்த சும்மாடு.