தாத்தாவின் கிளாரினெட்டில் எஃப் ஏன் எஃப் ஷார்ப்பாக ஒலிக்கிறது?

ஏற்காட்டிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். பேண்டு செட்டில் வாசித்த அவருடைய தாத்தாவின் மரக் கிளாரினெட்டை, சேலத்தில் வகுப்புக்குப் போகும் மகளிடம் கொடுத்திருக்கிறார். புத்தகத்திலுள்ள விரல் படத்தின்படி வைத்து ஊதினால் மேல் எஃப் வரவேண்டிய இடத்தில் அதைவிட அரைச் சுரம் உயர்ந்த எஃப் ஷார்ப் வருகிறதாம். கருவி பழுதா, பழுது பார்த்தால் சரியாகுமா என்பது அவருடைய கேள்வி.

தாங்கள் எழுதிய அடையாளங்களைப் பார்த்தால் கருவியில் பழுதில்லை. விரல் படம்தான் வேறு கருவிக்குரியது. துளைகளைத் திறந்து மூடும் 13 சாவிகள், கீழ்த்துண்டில் துளைகளைச் சுற்றி அமைந்த 2 வளையங்கள், வலக்கைச் சுண்டுவிரலுக்கு உருளை வைத்த 2 சாவிகள் ஆகிய மூன்றும் சேர்ந்திருந்தால் அது ஆல்பெர்ட் முறை எனப்படும் பழைய அமைப்பு. கிளாரினெட் கலைஞர் ஈவான் முல்லர் 1812-இல் பாரிஸில் முன்வைத்த 13 சாவிக் கருவியை ஒட்டி, பிரஸ்ஸல்ஸ் நகரின் கருவி செய்பவர் யூஜின் ஆல்பெர்ட் செம்மைப்படுத்தியது அது. இன்று வகுப்புகளில் புழங்குவது போம் முறை. அதில் 17 சாவிகளும் 6 வளையங்களும் இருக்கும், வலச் சுண்டுவிரலுக்கு மட்டும் 4 சாவிகள். கிளாரினெட் கலைஞர் குளோசேயும் கருவி செய்பவர் பஃபேயும் உருவாக்கி 1844-இல் காப்புரிமை பெற்ற அந்த அமைப்புக்கு, புல்லாங்குழல் கலைஞரான போமின் பெயர் வந்தது அவருடைய வளைய உத்தியைக் கையாண்டதால்தான். கிளாரினெட்டை அவர் வடிவமைக்கவில்லை.

மகள் வைத்த விரலையே பார்ப்போம். மேல் ஸ்தாயிச் சாவியை அழுத்தி, இடக்கைத் துளைகளையெல்லாம் மூடி, வலக்கையில் ஆள்காட்டி விரலை மட்டும் வைத்தால் போம் கருவியில் எஃப் வரும், ஆல்பெர்ட்டில் எஃப் ஷார்ப் வரும். ஆல்பெர்ட்டில் எஃப் வேண்டுமானால் ஆள்காட்டி விரலோடு மோதிர விரலையும் வைத்து, நடுவிரலைத் தூக்கிவிட வேண்டும். புல்லாங்குழல் பழகியவர்களுக்கு இப்படி நடுவில் ஒரு துளையைத் திறந்துவிடுவது அந்நியமாகத் தோன்றாது. அந்த எஃப் சற்று மங்கலாக ஒலிக்கும் என்பது உண்மை. ஜெர்மனியில் ஓலர் என்ற கருவி செய்பவர் கூடுதல் துளைகளும் சாவிகளும் சேர்த்தது அதைச் சரிசெய்யவும்தான்.

இதைவிடக் கவனிக்க வேண்டியது சுருதி. பழைய கருவிகள் பலவற்றில் ஏ சுரம் இன்றைய 440 ஹெர்ட்ஸுக்குப் பதிலாக 452 அளவில் இருக்கும். அதாவது அரைச் சுரத்தில் கிட்டத்தட்டப் பாதி ஏற்றம். சிலவற்றில் 'எச்.பி.' (ஹை பிட்ச், உயர் சுருதி) என்று முத்திரையே இருக்கும். துண்டுகளை இழுத்து நீட்டி இதைச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மேலே உள்ள சுரங்கள் அதிகமாகவும் கீழே உள்ளவை குறைவாகவும் இறங்கி, சுர வரிசையே கோணலாகிவிடும். புதிய ஊதுவாயை வாங்கி மாட்டுவதும் பெரும்பாலும் இதே வினையில்தான் முடியும். பழையது உடைந்திராவிட்டால் அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே மகள் மேற்கத்திய இசைத் தேர்வுக்கோ பேண்டுக்கோ பயில்கிறார் என்றால் போம் கருவி வாங்குவதே முறை. இரண்டு விரலமைப்புகளை ஒருசேரப் பழகுவது தொடக்கத்தில் குழப்பும். கர்நாடக இசைக்கு என்றால் என் கருத்து மாறும். வளையமில்லாத துளையில் விரலை மெல்ல உருட்டிக் கமகம் எடுப்பதற்கும், விரலின் கீழே வளையம் குறுக்கிட்டு வேறொரு மூடியையும் சேர்த்து அசைப்பதற்கும் வேறுபாடு உண்டு. துருக்கி, கிரேக்கக் கலைஞர்கள் பழைய முறையை இன்றும் விடாதிருப்பதற்கு இந்த வழுக்கலும் ஒரு காரணம். தனியாக வாசிக்கும்போது சுருதிப் பெட்டியைக் கருவிக்கு ஏற்பச் சேர்த்துக்கொள்ளலாம் என்பதால் 452-உம் தடையாகாது.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். ஏற்காட்டுக் குளிரில் இருந்த மரத்தை 20 கொண்டை ஊசி வளைவுகள் இறக்கிச் சேலத்து வெயிலுக்குக் கொண்டுவந்த கையோடு ஊதினால் மேல்துண்டு வெடிக்கக்கூடும். பெட்டியைத் திறந்து அரைமணி நேரமாவது அறையில் வைத்திருந்து, முதல் சில வாரங்கள் நாளுக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் வாசிக்காமல், ஒவ்வொரு முறையும் உட்புற ஈரத்தைத் துணியால் துடைத்துவிடச் சொல்லுங்கள்.