உபுண்டு பீட்டாவில் கறுப்புத் திரை: அழித்து நிறுவ வேண்டாம்

நேற்றைய அப்டேட்டுக்குப் பிறகு உபுண்டு பீட்டா (லினக்ஸ் இயங்குதளமான உபுண்டுவின் சோதனைப் பதிப்பு) கறுப்புத் திரையிலேயே நிற்கிறது, அழித்துவிட்டு மறுபடி நிறுவலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள்.

கணினியை ஆன் செய்து, தயாரிப்பாளர் லோகோ மறைந்ததும் எஸ்கேப் விசையை ஒரே ஒரு முறை தட்டுங்கள். பழைய பயாஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) உள்ள கணினி என்றால் ஷிஃப்டை அழுத்திப் பிடிக்க வேண்டும். அப்போது வரும் க்ரப் மெனுவில் (எதைத் தொடக்குவது என்று தேர்ந்தெடுக்கும் திரை) 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' உள்ளே கர்னல்கள், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியின் பதிப்புகள், வரிசையாக இருக்கும். மேலே இருப்பது புதியது, அதற்கடுத்த பழையதைத் தேர்ந்தெடுங்கள். டெஸ்க்டாப் வந்துவிட்டால் கோளாறு பெரும்பாலும் புது கர்னலில், அல்லது அதோடு ஒத்துப்போகாத டிரைவரில் (வன்பொருளை இயக்கும் மென்பொருள்). என்விடியா கிராஃபிக்ஸ் கார்டு என்றால் என் முதல் சந்தேகம் டிரைவர் மேல்தான். கர்னல் மாறும்போது அதற்கேற்ற டிரைவர் மாட்யூலும் வந்தாக வேண்டும். அது தவறினால் திரை இப்படி இருண்டுவிடும்.

உள்ளே நுழைந்ததும் ஜர்னல்சிடிஎல் (journalctl) கட்டளையால் முந்தைய பூட்டின், அதாவது கறுப்புத் திரையில் நின்ற தொடக்கத்தின், பதிவை ஒரு கோப்பில் சேமித்து, லாஞ்ச்பேடில் (உபுண்டுவின் வழுக்களைப் பதியும் தளம்) வழு அறிக்கையோடு இணையுங்கள். எந்தக் கர்னலில் ஓடியது, எதில் நின்றது என்ற இரண்டு பதிப்பு எண்களையும் மறக்காமல் எழுதுங்கள். சரிசெய்பவருக்கு அதுதான் பிடி.

இறுதி வெளியீட்டுக்காகவும் மறுபடி நிறுவத் தேவையில்லை. வழக்கமான அப்டேட்களே பீட்டாவை இறுதிப் பதிப்பாக்கிவிடும். ஆனால் இருப்பது இந்த ஒரே கணினி என்றீர்களே, எனக்கு அதுதான் கவலை. ஹோம் ஃபோல்டரை இன்றைக்கே வெளி டிஸ்க்கில் நகலெடுத்துவிடுங்கள்.