எஃப்.சி. தேதி முடிந்த காரை ஓட்டலாமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

வாகனத் தகுதிச் சான்றிதழ் (எஃப்.சி.) குறித்து வந்த கேள்விகளில் ஏழினை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். பெரும்பாலான கேள்விகளுக்கு அடியில் ஒரே ஐயம் இருக்கிறது: எஃப்.சி. என்பது புதுப்பிக்க மறந்துபோன ஒரு தாள் மட்டுந்தானா, அல்லது வண்டியின் பதிவையே பாதிக்கிற ஒன்றா? இரண்டாவதுதான் சரி. அதை உணர்ந்துகொண்டால், அபராதம் முதல் விபத்து இழப்பீடு வரை மற்ற எல்லாவற்றையும் எளிதில் புரிந்துகொள்ளலாம்.

கேள்வி: என்னுடையது 2014-இல் பதிவான சொந்த உபயோகக் கார். வாகனச் சோதனையின்போது எஃப்.சி. எங்கே என்று கேட்டார்கள். நான் ஒருநாளும் எஃப்.சி. எடுத்ததில்லை. இது குற்றமா? (வாசகர், கோயம்புத்தூர்)

குற்றமில்லை. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 56-ஆவது பிரிவில், தகுதிச் சான்றிதழைப் போக்குவரத்து வாகனங்களுக்கு மட்டுமே கட்டாயமாக்குகிறது. வாடகைக் கார், ஆட்டோ, லாரி, பேருந்து, பள்ளி வாகனம் ஆகியவை அந்த வகையைச் சேர்ந்தவை. ‘ஓன் போர்டு’ என்று நாம் சொல்லும் சொந்த உபயோகக் காருக்குப் பதிவுச் சான்றிதழே (ஆர்.சி.) போதுமானது. அது 41-ஆவது பிரிவின்படி, வழங்கப்பட்ட நாளிலிருந்து 15 ஆண்டுகளுக்குச் செல்லும். ஆகவே உங்கள் ஆர்.சி.யில் 2029-இல் ஒரு தேதி இருக்கும். அந்தத் தேதிக்குப் பிறகு வண்டியை ஆய்வுக்குக் காட்டித்தான் பதிவைப் புதுப்பிக்க முடியும் என்பதால், சொந்தக் காருக்கு எஃப்.சி. என்ற பேச்சே கிடையாது என்று சிலர் நம்புவதும் தவறு. பதினைந்து ஆண்டு வரைதான் அந்தச் சலுகை.

கேள்வி: டி போர்டு (வாடகை) கார் வைத்திருக்கிறேன். எஃப்.சி. முடிந்து நான்கு நாளாகிறது. ஒரு வாரம் வரை ஓட்டலாம், யாரும் கேட்கமாட்டார்கள் என்று ஸ்டாண்டில் சொல்கிறார்கள். உண்மையா? (வாசகர், மதுரை)

உண்மையில்லை, ஒரு நாள்கூட சலுகைக் காலம் கிடையாது. கொரோனா காலத்தில் மத்திய அரசு ஆவணங்களின் செல்லுபடியைத் தொடர்ந்து நீட்டித்ததால், பொதுவாகவே இப்படியொரு சலுகை இருக்கிறது என்ற எண்ணம் பலரிடம் தங்கிவிட்டது. அந்த நீட்டிப்பு 2021-உடன் முடிந்துவிட்டது.

செல்லத்தக்க தகுதிச் சான்றிதழ் இல்லாத போக்குவரத்து வாகனத்தை, பதிவில்லாத வாகனத்தை ஓட்டக் கூடாது என்னும் 39-ஆவது பிரிவின் நோக்கத்துக்குப் பதிவு செய்யப்பட்டதாகவே கருதக் கூடாது என்று 56-ஆவது பிரிவு சொல்கிறது. அதாவது, கையில் ஆர்.சி. இருந்தாலும், எண் பலகை பளிச்சென்று இருந்தாலும், சட்டத்தின் பார்வையில் உங்கள் கார் இன்று பதிவில்லாத கார். இதில் ஐயத்துக்கு இடம் வைக்காமல், 2019-ஆம் ஆண்டுத் திருத்தம், இதற்கான தண்டனையைக் கூறும் 192-ஆவது பிரிவில் ஒரு விளக்கத்தையே சேர்த்திருக்கிறது: 56-ஐ மீறுவது 39-ஐ மீறியதாகவே கொள்ளப்படும். முதல் முறை 2,000 ரூபாய்க்குக் குறையாமல் 5,000 ரூபாய் வரை அபராதம். மறுமுறை பிடிபட்டால் ஓராண்டு வரை சிறை, அல்லது 5,000 முதல் 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 39-ஐ மீறிய வாகனத்தைப் பிடித்து நிறுத்திவைக்க 207-ஆவது பிரிவு அதிகாரம் தருகிறது. நாள் வருமானத்தை நம்பியிருப்பவருக்கு அபராதத்தைவிட இதுதான் பெரிய அடி. இவற்றோடு, 2022 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த மத்திய விதியின்படி, தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 50 ரூபாய் கூடுதல் கட்டணமும் ஏறிக்கொண்டே இருக்கும்.

புதிய போக்குவரத்து வாகனத்துக்கு முதல் சான்றிதழ் 2 ஆண்டுகளுக்குக் கிடைக்கிறது. 8 ஆண்டு வயது வரை 2 ஆண்டுகளுக்கு ஒரு முறையும், அதற்குப் பிறகு ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். எட்டு ஆண்டைத் தாண்டும் வண்டிகளின் உரிமையாளர்கள்தாம் பழைய இரண்டாண்டுக் கணக்கிலேயே இருந்து தேதியைத் தவறவிடுகிறார்கள். உங்கள் வண்டியும் அந்த வயதில் இருந்தால் கவனியுங்கள்.

கேள்வி: தேதி முடிந்த காரை எஃப்.சி. காட்டுவதற்காக ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு ஓட்டிச் சென்றால் அதுவும் குற்றமா? ஓட்டாமல் எப்படிக் காட்டுவது? (வாசகர், தருமபுரி)

நியாயமான கேள்வி. பிரிட்டனில், முன்கூட்டியே நேரம் பதிவு செய்த ஆய்வுக்குச் செல்லும் பயணத்துக்குச் சட்டமே விலக்கு அளிக்கிறது. நமது 192-ஆவது பிரிவில் அத்தகைய விலக்கு இல்லை. அந்தப் பிரிவில் இருப்பது அவசரகால விலக்கு மட்டுமே: நோயாளியையோ காயமடைந்தவரையோ ஏற்றிச் செல்லவும், துயர் துடைப்புக்கான உணவு, பொருள்கள், மருந்துகள் கொண்டுசெல்லவும் பயன்படுத்தினால் அந்தத் தண்டனை பொருந்தாது, அதையும் 7 நாள்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

எனவே, தேதி முடிவதற்கு முன்பே வண்டியைக் காட்டிவிடுவதுதான் முழுப் பாதுகாப்பு. தவறிவிட்டதென்றால், முதலில் கட்டணம் செலுத்தி ஆய்வு நாளைப் பதிவு செய்து, அந்த ரசீதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பயணிகளையோ சரக்கையோ ஏற்றாமல், வேறெங்கும் நிறுத்தாமல், நேர்வழியில் செல்லுங்கள். காப்பீடு நடப்பில் இருக்க வேண்டும். ரசீது உங்களுடைய நல்ல நோக்கத்தைக் காட்டுமே தவிர, சட்ட உரிமை ஆகாது என்பதை நினைவில் வையுங்கள். பிரேக்கிலோ ஸ்டீயரிங்கிலோ கோளாறு இருப்பது தெரிந்தால் ஓட்டவே வேண்டாம். இழுவை வண்டியில் ஏற்றிச் செல்லுங்கள். நம் ஊர்களில் மோட்டார் வாகன ஆய்வாளரை இன்றும் ‘பிரேக் இன்ஸ்பெக்டர்’ என்றே அழைக்கிறார்கள். ஆய்வில் உயிர்நாடியான பகுதி எது என்பதை அந்தப் பெயரே சொல்கிறது.

கேள்வி: என் கணவர் இரு சக்கர வாகனத்தில் வந்தபோது ஒரு வாடகை வேன் மோதிக் கால் முறிந்தது. அந்த வேனுக்கு எஃப்.சி. முடிந்திருந்ததால் பணம் தரமாட்டோம் என்று காப்பீட்டு நிறுவனம் சொல்கிறதாம். எங்களுக்கு இழப்பீடே கிடைக்காதா? (வாசகி, விழுப்புரம்)

மனம் தளர வேண்டாம், அம்மா. வேனின் உரிமையாளர் செய்த தவறுக்கு உங்கள் கணவர் பொறுப்பல்ல. மூன்றாம் நபர் காப்பீட்டைச் சட்டம் கட்டாயமாக்கியதே சாலையில் அடிபடுகிறவரைக் காப்பதற்காகத்தான்.

காப்பீட்டு நிறுவனம் பொறுப்பிலிருந்து விலகச் சொல்லக்கூடிய காரணங்களைச் சட்டம் ஒரு பட்டியலாகத் தந்திருக்கிறது. உரிமம் இல்லாத ஓட்டுநர், பர்மிட் இல்லாமல் வாடகைக்கு ஓட்டுதல் போன்றவை அதில் உண்டு. தகுதிச் சான்றிதழ் என்ற சொல் அதில் நேரடியாக இல்லை. இதைக் காட்டி, எஃப்.சி. இல்லாமை காப்பீட்டாளரை விடுவிக்காது என்று கருதிய தீர்ப்புகள் உண்டு. மறுபுறம், எஃப்.சி. இல்லாவிட்டால் பதிவே இல்லை என்பதால் அது அடிப்படையான மீறலே என்று கேரள உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2018-இல் கூறியது. ஆனால் அந்தத் தீர்ப்பும் பாதிக்கப்பட்டவரை வெறுங்கையோடு அனுப்பவில்லை. காப்பீட்டு நிறுவனம் முதலில் இழப்பீட்டைச் செலுத்திவிட்டு, பிறகு அந்தத் தொகையை வாகன உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்பதே அதன் வழி. பர்மிட் இல்லாத லாரி ஒன்றின் வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதே 2018-இல் இதே வழியைத்தான் உறுதி செய்தது.

ஆகவே ‘எஃப்.சி. இல்லை, பணம் இல்லை’ என்ற வாய்மொழிப் பதிலை ஏற்காதீர்கள். மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில், வேனின் ஓட்டுநர், உரிமையாளர், காப்பீட்டு நிறுவனம் மூவரையும் எதிர்மனுதாரர்களாகச் சேர்த்து மனு தாக்கல் செய்யுங்கள். விபத்து நடந்த 6 மாதங்களுக்குள் மனு கொடுக்க வேண்டும் என்று இப்போதைய 166-ஆவது பிரிவு சொல்வதால், சமரசம் பேசுகிறோம் என்று யார் சொன்னாலும் அந்தக் காலத்தைக் கடக்க விடாதீர்கள். முதல் தகவல் அறிக்கை, மருத்துவமனை ஆவணங்கள் ஆகியவற்றுடன், வேனுக்கு மோட்டார் வாகன ஆய்வாளர் அளித்த ஆய்வறிக்கையின் நகலையும் பெறுங்கள். பிரேக் பழுதாக இருந்தது என்று அதில் இருந்தால், உரிமையாளரின் அலட்சியத்துக்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இதை வாசிக்கும் வாடகை வாகன உரிமையாளர்களுக்கு ஒரு சொல். பாதிக்கப்பட்டவருக்குக் காப்பீட்டு நிறுவனம் செலுத்திய தொகை இறுதியில் உங்களிடம்தான் வசூலுக்கு வரும். அது சில லட்சங்களாக இருக்கலாம். உங்கள் சொந்த வண்டியின் சேதத்துக்கான கோரிக்கையோ இன்னும் பலவீனமானது. தற்காலிகப் பதிவு முடிந்தும் நிரந்தரப் பதிவு செய்யாமல் சாலையில் ஓடி விபத்துக்குள்ளான ஒரு வாகனத்துக்குச் சேதத்தொகை தர வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்தது. எஃப்.சி. இல்லாத வாகனமும் பதிவில்லாத வாகனமே என்று சட்டம் கருதும்போது, அதே வாதத்தை உங்களுக்கு எதிராக எடுத்துவைக்கக் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தடையேதும் இல்லை. எஃப்.சி.க்கு ஆகும் சில ஆயிரம் ரூபாயையும் ஒரு நாள் ஓட்டத்தையும் மிச்சப்படுத்த நினைத்து, ஒரு குடும்பத்தின் சேமிப்பையே பணயம் வைப்பதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வேதனையாக இருக்கிறது.

கேள்வி: சொந்த உபயோகக் காருக்கு எஃப்.சி. வேண்டாம் என்றால், அதையே தெரிந்தவர்களுக்கு மட்டும் வாடகைக்கு ஓட்டலாமே? (வாசகர், ஈரோடு)

கூடாது. பணம் வாங்கி ஆள் ஏற்றும்போது அது பர்மிட் இல்லாத போக்குவரத்து வாகனமாகிவிடுகிறது. 192-ஏ பிரிவின்படி முதல் முறைக்கே 6 மாதம் வரை சிறையும் 10,000 ரூபாய் அபராதமும் உண்டு. தெரிந்தவர், தெரியாதவர் என்ற வேறுபாடு அந்தப் பிரிவில் இல்லை.

கேள்வி: வளைகுடா நாட்டில் வேலை செய்கிறேன். அப்பாவின் காருக்கு 15 ஆண்டு முடிந்து ஏழு மாதமாகிறது. கார் வீட்டுக் கொட்டகையிலேயே நிற்கிறது. அபராதம் உண்டா? விடுமுறையில் வந்ததும் ஓட்டலாமா? (வாசகர், தஞ்சாவூர்)

ஓட்டாமல் நிற்கும் காருக்கு 192-ஆவது பிரிவின் தண்டனை இல்லை. ஓட்டுவதும் ஓட்ட அனுமதிப்பதுமே அங்கே குற்றம். ஆனால் 39-ஆவது பிரிவு பொது இடத்தை மட்டும் சொல்லவில்லை, ‘வேறு எந்த இடத்திலும்’ என்றும் சொல்கிறது. ஆகவே, தெருவுக்குள் தானே ஒரு சுற்றுப் போய் வரலாம் என்று எடுக்காதீர்கள்.

பதிவைப் புதுப்பிக்கப் படிவம் 25-இல் விண்ணப்பிக்க வேண்டும். தேதி முடிவதற்கு 60 நாள்களுக்கு முன்பிருந்தே அதற்கு வழி இருந்தது. காருக்கான புதுப்பிப்புக் கட்டணம் 5,000 ரூபாய். தாமதமான ஒவ்வொரு மாதத்துக்கும் 500 ரூபாய் கூடுதல். உங்கள் கணக்கில் ஏழு மாதத்துக்கு 3,500 ரூபாய். கார் கொட்டகையில் நின்றாலும் இந்தத் தாமதக் கட்டணம் வளர்ந்துகொண்டுதான் இருக்கும். பசுமை வரியும் செலுத்த வேண்டும். ஆய்வில் தேறினால் 5 ஆண்டுகளுக்குப் புதுப்பித்துத் தருவார்கள். கட்டணம் கட்டுவதற்கு முன், நல்ல மெக்கானிக்கை வீட்டுக்கே அழைத்து வண்டியைப் பார்க்கச் சொல்லுங்கள். மாதக்கணக்கில் அசையாமல் நின்ற காரில் பேட்டரி, டயர், பிரேக் மூன்றும் கெட்டிருக்க வாய்ப்பு அதிகம்.

கேள்வி: நான் ஆக்டிங் டிரைவர். கூப்பிடும் வீட்டுக் காரையோ டிராவல்ஸ் காரையோ ஓட்டுவேன். எஃப்.சி. இல்லாமல் இருந்தால் வழக்கு முதலாளி மேலா, என் மேலா? (வாசகர், சென்னை)

இருவர் மேலும் வரலாம். ஓட்டுகிறவரையும், ஓட்டச் செய்கிற அல்லது அனுமதிக்கிற உரிமையாளரையும் 192-ஆவது பிரிவு ஒன்றாகவே குறிப்பிடுகிறது. ‘வண்டி என்னுடையதல்ல’ என்பது பதிலாகாது. தகுதிச் சான்றிதழ் நடப்பில் இருந்தாலும், வண்டியில் இருக்கும் ஆபத்தான குறையைத் தெரிந்தோ, சாதாரணக் கவனத்தோடு பார்த்தால் தெரிந்திருக்கக்கூடிய நிலையிலோ ஓட்டினால் 190-ஆவது பிரிவு தனியே பொருந்தும்: 1,500 ரூபாய் அபராதம், அந்தக் குறையால் யாருக்கேனும் காயமோ பொருள் சேதமோ ஏற்பட்டால் 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

சாவியை வாங்கும்போதே எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். தகுதி, காப்பீடு ஆகியவற்றின் தேதிகள் ஒரே திரையில் தெரியும். ஆவணங்களை மின்னணு வடிவில் காட்டுவதை மத்திய விதி ஏற்கிறது என்பதால், முதலாளியிடம் அவற்றின் நகலைக் கைப்பேசியிலேயே அனுப்பச் சொல்லலாம். பிறகு வண்டியைச் சுற்றி ஒரு முறை நடந்து டயர்களைப் பாருங்கள்; கார் டயரின் பள்ளங்கள் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் ஆழம் இருக்க வேண்டும். கிளம்பி முதல் பத்தடியிலேயே பிரேக்கை அழுத்திப் பாருங்கள். தேதி முடிந்திருந்தால் மரியாதையாகவே மறுத்துவிடுங்கள். ஒரு நாள் பேட்டா போகும்; வழக்கு வந்தால் உங்கள் பெயரிலும் வரும்.