மீன் தொட்டிக்கு எந்த நிற விளக்கு?

கேள்வி: எங்கள் வீட்டில் இரண்டடி நீளத் தொட்டியில் நியான் டெட்ரா மீன்களும் சில நீர்ச்செடிகளும் உள்ளன. அழகுக்காக நீல நிற எல்.ஈ.டி. விளக்கைப் பொருத்தினோம். அன்றிலிருந்து மீன்களின் சிவப்பு நிறம் ஏறக்குறையக் கறுப்பாகத் தெரிகிறது. இது நோயா? எந்த நிற விளக்கு நல்லது? அதை இரவு முழுவதும் எரியவிடலாமா?

பதில்: முதலில் வெள்ளை விளக்கைப் போட்டுச் சில நிமிடங்கள் பொறுத்துப் பாருங்கள். சிவப்பு திரும்பிவிட்டால் மீனுக்கு ஒன்றுமில்லை, குறை விளக்கில்தான். நியான் டெட்ராவின் வாலை ஒட்டிய பகுதியில் இருப்பது சிவப்பு நிறமி. தன்மேல் விழும் ஒளியில் சிவப்பு இருந்தால்தான் அது சிவப்பாகத் தெரியும். தனி நீல ஒளியில் சிவப்பே இல்லாததால் அந்த இடம் இருண்டுவிடுகிறது. மேலே ஓடும் நீலக்கோட்டின் கதை வேறு. அங்கே நீல நிறமி கிடையாது. தோல் செல்களுக்குள் அடுக்கடுக்காக அமைந்த மெல்லிய குவானின் படிகங்கள் ஒளியைத் திருப்பியனுப்புவதால்தான் அந்த நீலம் தோன்றுகிறது. கண்ணாடிக்கு அருகில் அமர்ந்து, ஒரு மீன் திரும்பும் கணத்தில் அந்தக் கோட்டை மட்டும் கவனியுங்கள். பார்க்கும் கோணம் மாறும்போது நீலம் பச்சை கலந்து மின்னுவதைக் காண்பீர்கள். அந்த நீலமும் இந்தச் சிவப்பும் ஒருசேரத் தெரிய வேண்டுமானால், எல்லா நிறங்களும் கலந்த வெள்ளை ஒளிதான் வேண்டும்.

ஆகவே 6500 கெல்வின் (ஒளியின் நிறச்சாயலைக் குறிக்கும் அலகு) அளவிலான வெள்ளை விளக்கை முதன்மையாக வைத்துக்கொள்ளுங்கள். விளக்கின் பெட்டியில் சி.ஆர்.ஐ. என்ற எண் இருக்கும்; நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதை அது சொல்கிறது. அது 90 அல்லது அதற்கு மேல் இருப்பதையே நான் வாங்கச் சொல்வேன். செடிகளுக்கும் இதுவே பொருந்தும். பச்சையம் நீலத்தையும் சிவப்பையும் மிகுதியாக ஈர்த்துக்கொள்கிறது என்பது உண்மைதான். ஆனால் அந்த இரண்டை மட்டும் தரும் விளக்கைப் போட்டால் செடி வளரும், தொட்டியோ முழுக்க ஊதாவாகிவிடும். நீல ஒளிதான் நீருக்குள் ஆழமாகச் செல்லும் என்ற வாதத்தையும் கேட்டிருப்பீர்கள். அது கடலுக்குப் பொருந்தும். ஒன்றரை அடி ஆழத்தில் அந்த வேறுபாடு கணக்கில் வராது. பவளங்கள் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டிக்கு மட்டும் நீலம் மிகுந்த ஒளி உண்மையாகவே தேவை. பவளத்தின் திசுக்களுக்குள் வாழும் நுண்பாசிகள் அந்த ஒளியை நன்கு பயன்படுத்திக்கொள்கின்றன.

நீல விளக்கைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. மாலையில் நீங்கள் தொட்டியின் முன் அமரும் அரை மணி, ஒரு மணி நேரத்திற்கு மங்கலாக எரியவிடலாம். இரவு முழுவதும் மட்டும் வேண்டாம். மீன்களுக்குக் கண் இமை இல்லை. நாம் இருட்டைக் கொடுத்தால்தான் அவற்றுக்கு ஓய்வு. பகல் விளக்குக்கு 8 மணி நேரம் போதும், அதற்கு மேல் போனால் கண்ணாடியில் பாசி படரத் தொடங்கும். ஒரு டைமர் பொருத்திவிட்டால் மறதிக்கு இடமிருக்காது. காலையில் அறை விளக்கைப் போட்டுச் சற்று நேரம் கழித்துத் தொட்டி விளக்கைப் போடுங்கள். கும்மிருட்டில் திடீரென வெளிச்சம் பாய்ந்தால் மீன்கள் மிரண்டு கண்ணாடியில் மோதும். அந்த நேரத்தில் நியான் டெட்ரா வெளிறித் தெரிந்தால் கவலைப்படாதீர்கள். இருட்டில் அதன் நிறம் மங்குவது இயல்பு. வெளிச்சம் வந்தபின் மெல்லத் திரும்பும். பகல் முழுவதும் வெள்ளை ஒளியிலும் வெளிறியே இருந்தால்தான் நீரைச் சோதிக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் தங்கமீன் வெளிறிக்கொண்டே வருகிறது. சிவப்பு விளக்குப் போட்டால் நிறம் திரும்புமா?

பதில்: சிவப்பு விளக்கின் கீழ் அது சிவப்பாகத் தெரியும், அவ்வளவுதான், விளக்கை அணைத்தால் பழைய வெளிறல்தான். தொட்டி நெடுநாள் இருண்ட மூலையில் இருந்தால் தங்கமீன் நிறம் இழக்கும், எனவே பகல் வெளிச்சம் கிடைக்கச் செய்யுங்கள். சிவப்பையும் மஞ்சளையும் தரும் கரோட்டினாய்டு என்ற நிறமிகளை மீன் தன் உடலில் உருவாக்கிக்கொள்ள இயலாது. அவை உணவிலிருந்தே வர வேண்டும். ஸ்பைருலினா என்ற நுண்பாசியோ இறாலோ சேர்ந்த தீவனத்தைச் சில வாரங்கள் தொடர்ந்து கொடுத்துப் பாருங்கள்.