போட்டோவுக்குள் கண்ணுக்குத் தெரியாத தகவல்கள் இருக்குமாமே, அதை வைத்து எப்போது, எங்கே எடுத்தது என்று உறுதியாகச் சொல்ல முடியுமா?

தகவல் இருப்பது உண்மை. உறுதியாகச் சொல்ல முடியுமா என்றால், அந்தக் கேமராவின் கடிகாரத்தைச் சரியாக வைத்தவர் யார் என்று முதலில் கேட்பேன். மார்த்தாண்டம் பக்கம் கல்யாணப் படம் எடுத்துப் பிழைக்கிறவன் நான். இதில் ஒரு தடவை கையைச் சுட்டுக்கொண்டிருக்கிறேன்.

2022 ஆவணியில் ஒரு கல்யாணம். என்னிடம் அப்போது நல்ல கேமரா ஒன்றுதான். துபாயிலிருந்து லீவில் வந்திருந்த அத்தானிடம் இன்னொன்றை இரவல் வாங்கி, உதவிக்கு வந்த தம்பி கையில் கொடுத்தேன். ராத்திரி இரண்டு மெமரி கார்டையும் ஒரே ஃபோல்டரில் கொட்டி, எடுத்த நேரப்படி அடுக்கச் சொன்னேன். பார்த்தால் முதலில் பந்தி நடக்கிறது. மாப்பிள்ளையின் சித்தப்பா அடைப்பாயசத்தில் பப்படத்தை நொறுக்கி மட்டிப்பழத்தைப் பிசைந்துகொண்டிருக்கிறார். அதற்கு அப்புறம்தான் தாலிகட்டு!

காரணம் பிடிபட அரை மணி நேரம் ஆனது. அத்தானின் கேமரா இன்னும் துபாயில்தான் இருந்தது, அதாவது அதன் கடிகாரம். நமக்கும் அங்கேக்கும் ஒன்றரை மணி நேர வித்தியாசம். தாலி கட்டிய அதே நொடியை இரண்டு கேமராவும் எடுத்திருந்தன. என் கேமராவில் 10:42:07, அதில் 9:12:19. ஒன்றரை மணியிலும் சரியாக நிற்கவில்லை, 12 நொடி இடிக்கிறது. அதன் கடிகாரம் அவ்வளவு முந்தி ஓடியிருக்கிறது.

இந்த நேரமெல்லாம் உட்காரும் இடத்துக்கு எக்ஸிஃப் என்று பெயர். 1995-இல் ஜப்பானில் வகுத்த முறை. நீங்கள் ஷட்டரை அழுத்தியதும் கேமரா படத்தோடு சேர்த்து, ஃபைலின் தொடக்கத்திலேயே ஒரு சின்னப் பெட்டி போல இதை எழுதிவைக்கிறது. ஜேபெக் (.jpg) ஃபைலில் அந்தப் பெட்டிக்கு 64 கேபிதான் இடம். கேமரா மாடல், ஷட்டர் வேகம், அப்பெர்ச்சர், ஐஎஸ்ஓ, ஃபிளாஷ் அடித்ததா இல்லையா, கேமராவை நிமிர்த்திப் பிடித்தோமா சாய்த்துப் பிடித்தோமா எல்லாம் அதில் இருக்கும். சில படங்கள் கம்ப்யூட்டரில் படுத்துக்கொண்டு திறப்பதற்குக் காரணம், அந்த மென்பொருள் இந்தக் கடைசிக் குறிப்பைப் படிக்காததுதான்.

தேதி மட்டும் ‘2022:09:04 10:42:07’ என்று வெறுமனே நிற்கும். எந்த நாட்டு நேரம் என்று சொல்ல அதில் இடமே இல்லாமல் இருந்தது. 2016-இல்தான் அதற்கென்று தனி வரி சேர்த்தார்கள். வீட்டுக்கு ஒருவர் கல்ஃபில் இருக்கும் நம் ஊருக்கு முதல் நாளே தேவைப்பட்ட வரி அது.

நம்மில் பலர் கவனிக்காமல் விடுவது இடக்குறிப்பைத்தான். போன் கேமராவில் லொகேஷன் ஆனில் இருந்தால் அட்சரேகையும் தீர்க்கரேகையும் படத்துக்குள் போய்விடும். முக்கடல் சங்கமத்தில் எடுத்த செல்ஃபியில் 8.08, 77.55 என்ற கணக்கில் ஏதாவது இருக்கும். அது பரவாயில்லை. வீட்டு முற்றத்தில் குழந்தையை வைத்து எடுத்த படத்திலும் அதே துல்லியம் இருக்கும். ஆன்டிவைரஸ் மென்பொருளால் பெயர்பெற்ற ஜான் மெக்காஃபி, 2012-இல் தலைமறைவாக இருந்தபோது குவாத்தமாலாவில் இருப்பதை ஊருக்குக் காட்டிக்கொடுத்தது, பத்திரிகைக்காரர்கள் ஐபோனில் எடுத்து அப்படியே வெளியிட்ட ஒரு படத்தின் இடக்குறிப்புதான்.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தேதி, இடம் எல்லாம் உதிர்ந்துவிடும். ‘டாக்குமெண்ட்’ என்று தேர்ந்தெடுத்து அனுப்பினால் அப்படியே போய்ச் சேரும். பழைய கேமரா வாங்குகிறவர்களுக்கு இதில் ஒரு உபகாரமும் உண்டு. நிக்கான் டிஎஸ்எல்ஆர் என்றால் ஒரு படம் எடுத்து அதன் எக்ஸிஃபைப் பாருங்கள். அதுவரை ஷட்டர் எத்தனை தடவை அடித்திருக்கிறது என்ற எண் இருக்கும். விற்கிறவர் ‘வீட்டுல சும்மா வச்சிருந்தது’ என்று சொல்லும்போது நாம் ஒன்றும் பேச வேண்டியதில்லை, அந்த எண்ணைக் காட்டினால் போதும்.

சரி, கல்யாணக் கதைக்கு வருகிறேன். தம்பி எடுத்த எல்லாப் படங்களையும் தேர்ந்தெடுத்து, நேரத்தோடு 1 மணி 29 நிமிடம் 48 நொடி கூட்டித் தள்ளிவைத்தேன். படங்களைத் திருத்தும் லைட்ரூம் மென்பொருளில் நாலு கிளிக். பந்தி பின்னால் போனது, தாலி முன்னால் வந்தது. அப்போதுதான் உறைத்தது. ஒன்றரை மணி நேரத்தைத் தள்ள முடிந்தால் ஒன்றரை வருடத்தையும் தள்ளலாம். ஃபைல் எந்த ஆட்சேபணையும் சொல்லப் போவதில்லை.

போன வருடம் பக்கத்து ஊர் மாமா ஒருவர் போனை நீட்டினார். எல்லைத் தகராறு. கையாலையை, அதாவது எல்லைச் சுவரை, இடிப்பதற்கு முன்னால் எடுத்த படம், தேதி வேண்டும். பார்த்தால் வாட்ஸ்அப்பில் வந்த படம், உள்ளே ஒன்றுமில்லை. எடுத்தது யார் என்றேன். “எனக்க மவன்தான், இப்ப மஸ்கட்ல இருக்கான்.” அந்த மகனிடம் பேசி, மூலப்படத்தை டாக்குமெண்டாக அனுப்பச் சொன்னேன். வந்தது, தேதியும் இருந்தது. கோர்ட்டுக்குப் போனால் இது மட்டும் போதாது என்றும் சொல்லிவைத்தேன். 2024 ஜூலை 1-இல் வந்த புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவுப்படி ஒரு சான்றிதழ் வேண்டும், அதில் ஃபைலின் கைரேகை மாதிரியான ஹாஷ் எண்ணையும் எழுத வேண்டும். பிற்பாடு ஃபைலில் ஒரு எழுத்தைத் தொட்டாலும் அந்த எண் மாறிவிடும்.

மாமா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். திரையில் இருந்த தேதியை இன்னொரு தடவை பார்த்தார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, “மக்களே, இத ஒரு ரெண்டு மாசம் முன்னால மாத்திப் போட முடியுமா?” என்றார்.

சாயா வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தேன்.