எலும்பைவிட முன்னே ஓடும் மூச்சு

அன்புள்ள ஐயா,

பிரிட்டன் ஓட்ட வீராங்கனை கெல்லி ஹோம்ஸ் பற்றித் தாங்கள் எழுதிய கட்டுரையை என் மகளின் பயிற்சியாளர் அச்செடுத்து அவளிடம் கொடுத்திருக்கிறார். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் அவள் 800, 1500 மீட்டர் ஓடுபவள். ஜூலையில் தொடங்கி ஐந்து மாதங்களில், தகுதிச் சுற்றுகளையும் சேர்த்தால், பத்தொன்பது முறை ஓடியிருக்கிறாள். டிசம்பரில் இடது கணைக்காலில் வலி வந்தது. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாததால் தைலம் தடவி, கட்டுப் போட்டு, மேலும் மூன்று வாரம் ஓடினாள். பிறகு எம்.ஆர்.ஐ. எடுத்ததில் எலும்பில் மயிரிழை விரிசல் இருப்பது தெரிந்தது. எட்டு வாரம் ஓடக் கூடாது என்றார் மருத்துவர். இப்போது ஐந்து வாரம் முடிந்து வலியும் நின்றுவிட்டது. "விரிசலோடு ஓடி ஒலிம்பிக்கில் நான்காவதாக வந்தவர் இருக்கிறார், வலியே இல்லாத உனக்கு என்ன?" என்கிறார் பயிற்சியாளர். மகள் இரவில் அழுகிறாள். நான் யார் சொல்வதைக் கேட்பது?

இப்படிக்கு,
ஒரு தந்தை, திண்டுக்கல்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் என் கட்டுரையைத் தேடியெடுத்து மறுபடி வாசித்தேன். அட்லாண்டாவைப் பற்றிய பத்தியில் நான் எழுதியவை எல்லாம் உண்மைதான். ஆனால் அவற்றை ஒரு வீரக்கதையாகச் சொல்லி, நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்தியிருக்கிறேன். அந்தப் பிழை என்னுடையது என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

1996இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் கெல்லி ஹோம்ஸ் காலெலும்பு விரிசலோடு 800 மீட்டர் இறுதிப் போட்டியில் ஓடி 1:58.81இல் நான்காவதாக வந்தார். மூன்றாவதாக வந்த மரியா முத்தோலாவின் நேரம் 1:58.71. நொடியில் பத்தில் ஒரு பங்கில் பதக்கம் போயிற்று. அதோடு முடித்துவிட்டேன். அதே காலோடு அவர் 1500 மீட்டர் இறுதியிலும் ஓடிப் பதினோராவதாக வந்ததை எழுதவில்லை. 1997 ஜூனில் அவர் 3:58.07 ஓடி 1500 மீட்டரில் பிரிட்டன் சாதனையை முறியடித்தார். ஆகஸ்டில் ஏதென்ஸ் உலகப் போட்டிக்குத் தங்கம் வெல்லக்கூடியவராகப் போய், தகுதிச் சுற்றிலேயே குதிகால் நாணில் அடிபட்டு, நொண்டியபடி கடைசியாக முடித்தார். முந்தைய ஆண்டின் விரிசல்தான் இதற்குக் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் உச்சத்தில் இருந்த ஒருவருடைய நல்ல ஆண்டுகள் காயத்துக்கும் மீட்சிக்குமாகக் கழிந்தன என்பது மட்டும் உறுதி. 2004இல் அதே ஏதென்ஸில் நடந்த ஒலிம்பிக்கில், காயமில்லாமல் தயாராக முடிந்த ஆண்டில், முப்பத்து நான்கு வயதில் அவர் 800, 1500 இரண்டிலும் தங்கம் வென்றார். 1500இல் அன்று அவர் ஓடிய நேரம் 3:57.90. ஏழு ஆண்டுக்கு முந்தைய தன் சாதனையை அவர் தாண்டியது 0.17 நொடியில். இருபத்தேழு வயதிலேயே ஏறக்குறைய அந்த வேகம் அவரிடம் இருந்தது. இல்லாமற்போனது அதைத் தாங்கும் கால்தான். உங்கள் மகளின் பயிற்சியாளர் கவனிக்க வேண்டிய எண் அந்த 0.17தான்.

இனி எலும்புக்கு வருகிறேன். ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. அந்தச் சுமைக்கு ஏற்ப எலும்பு தன்னைத் தானே இடித்துக் கட்டிக்கொள்கிறது. பழைய காரையைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுப் பூச்சுப் பூசும் கொத்தனார் வேலையைப் போன்றது இது: சுரண்டுவதற்கு ஏறக்குறைய மூன்று வாரம் போதும், பூசி இறுகுவதற்கோ மூன்று மாதம் வரை ஆகும். சுரண்டி முடித்துப் பூசத் தொடங்காத நாட்களில் வாரத்துக்கு வாரம் பந்தயம் வைத்தால் சுவர் என்ன ஆகுமோ அதுதான் உங்கள் மகளின் காலுக்கு ஆகியிருக்கிறது. தொடக்கத்தில் இந்த விரிசல் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது என்பதால் அந்த மூன்று வாரத் தாமதத்துக்காக நீங்கள் உங்களை நொந்துகொள்ள வேண்டியதில்லை.

வலி நின்றுவிட்டது என்கிறீர்களே, அந்த இடம்தான் எனக்கு அச்சம் தருகிறது. எலும்பு இறுகுவதற்குப் பல நாள் முன்னதாகவே வலி விடைபெற்றுவிடும். அதைவிடச் சிக்கலானது மூச்சு. சில வார ஓய்வில் குறைந்த இதய வலிமையும் மூச்சும் ஓடத் தொடங்கிய சில வாரங்களிலேயே திரும்பிவிடும். பழைய வேகத்தில் ஓட முடிகிறதே என்ற மகிழ்ச்சியில் பழைய தூரத்தையும் ஓடத் தோன்றும். எலும்புக்கு அந்த அவசரம் தெரியாது. நானும் கல்லூரியில் 1500 ஓடியவன்தான். (மாவட்ட அளவைத் தாண்டாதவன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.) கணைக்கால் வலி நின்ற மறுநாளே ஓடுதளத்தில் இறங்கி, பதினேழாம் நாள் மிதிவண்டியின் பின்னிருக்கையில் வீடு திரும்பினேன்.

ஆகவே மருத்துவர் சொன்ன எட்டு வாரத்தில் ஒரு நாளும் குறைக்க வேண்டாம். விரிசல் கணைக்கால் எலும்பின் முன்பக்கத்தில் இருக்கிறதா, உட்புறமாகப் பின்பக்கத்தில் இருக்கிறதா என்றும் அவரிடம் கேளுங்கள். முன்பக்க விரிசல் ஆற மிகுந்த காலம் எடுக்கும், முழுமையாக முறியும் அபாயமும் அதில் உண்டு. மீதி மூன்று வாரத்தை வீணென்று நினைக்க வேண்டியதில்லை. 800 மீட்டரிலேயே செலவாகும் ஆற்றலில் பாதிக்கு மேல் மூச்சு வழியாக வருவது, 1500இல் அந்தப் பங்கு இன்னும் கூடுதல். அதைக் காக்கத் தரையே தேவையில்லை. மருத்துவர் அனுமதித்தால், கால் தரையில் படாத ஆழத்தில் தண்ணீருக்குள் ஓடலாம். நீச்சல் குளம் இல்லையென்றால் படிக்கட்டு உள்ள கிணறும் லாரி டியூப்பும் போதும். நீச்சல் தெரிந்த ஒருவர் கூடவே இருக்க வேண்டும். எட்டு வாரம் முடிந்து மருத்துவர் சம்மதித்த பிறகும் முதலில் நடை, பின் ஒரு நிமிட ஓட்டமும் இரண்டு நிமிட நடையும், ஒருநாள் விட்டு ஒருநாள், மண் தரையில். ஸ்பைக்ஸ் எனும் ஆணிக் காலணி எல்லாவற்றுக்கும் கடைசி.

ஒரு தந்தை கேட்கத் தயங்கும் கேள்வி ஒன்று உண்டு. அதை அவள் அம்மாவிடம் ஒப்படையுங்கள். மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா? ஓடுவதற்கு ஈடாக உண்ணாத பெண்களுக்கு முதலில் அது தடுமாறும், அதன்பின் எலும்பு வலுவிழக்கும். விடுதிச் சாப்பாட்டில் பாதியை ஒதுக்கிவைத்துவிட்டு, எடை குறைந்தால் வேகம் கூடும் என்று நம்பும் பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒழுங்காக வரவில்லை என்றால் மகளிர் மருத்துவரையும் பார்க்க வேண்டும். இதைச் சரிசெய்யாமல் எத்தனை வாரம் ஓய்வெடுத்தாலும் விரிசல் வேறோர் எலும்பில் வந்து நிற்கும்.

இரவில் அழுகிறாள் என்று ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள். 2003இல் மீண்டும் காயம் பட்டபோது மனம் உடைந்து தன் உடலைத் தானே காயப்படுத்திக்கொண்டதாக ஹோம்ஸ் பின்னாளில் வெளிப்படையாகச் சொன்னார். அதே ஆண்டு உலகப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளியும் வென்றார். பதக்கத்தைப் பார்த்தவர்களுக்கு மற்றது தெரியவில்லை. அவளுடன் பேசுங்கள், பேச்சில் ஓட்டம் மட்டுமே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். அழுகை நீடித்தால், அல்லது உணவும் உறக்கமும் கெட்டால், மனநல மருத்துவரிடம் அழைத்துப்போகத் தயங்காதீர்கள்.

பயிற்சியாளரைப் பகைத்துக்கொள்ள வேண்டாம். பத்தொன்பது ஓட்டங்களுக்கு அவளைத் தயார் செய்தவர் அவர். மருத்துவரைச் சந்திக்கும்போது அவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். என் கட்டுரையின் அட்லாண்டா பத்தியை இன்று திருத்தி, பதினோராம் இடத்தையும் 0.17 நொடியையும் சேர்த்திருக்கிறேன். அவரிடம் இருக்கும் பழைய அச்சுப்படிக்குப் பதிலாக இதைக் கொடுத்துவிடுங்கள்.