முடக்கை அறுத்தது எது?

கேள்வி: முடக்கத்தான் கீரையின் பெயரில் வரும் ‘கத்தான்’ என்ன? தோசை செய்தால் கசக்கிறது, பிள்ளைகள் தொடுவதில்லை. என்ன செய்யலாம்?

பதில்: ‘கத்தான்’ என்று தனியாக ஒரு சொல் இல்லை. முடக்கு + அறுத்தான் என்று பிரித்துச் சொல்வது வழக்கம். மூட்டு முடக்கத்தை அறுப்பது என்று பொருள். ஆனால் ஒலியைப் பார்த்தால் முடக்கற்றான் என்ற பழைய வடிவமே நெருக்கமாக இருக்கிறது. காற்று ‘காத்து’ ஆவதும் நேற்று ‘நேத்து’ ஆவதும் போல, முடக்கற்றான் பேச்சில் முடக்கத்தான் ஆகியிருக்கிறது. யாழ்ப்பாணத்தில் முடக்கொத்தான் என்பார்கள். மலையாளத்தில் இது உழிஞ்ஞ. கோட்டையை முற்றுகையிடும் வீரர் சூடிய உழிஞை இந்தக் கொடிதான் என்று பலர் கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

தாவரப் பெயரான கார்டியோஸ்பெர்மம் கிரேக்கத்தில் ‘இதய விதை’. காற்றடைத்த காயை உடைத்துப் பாருங்கள், கறுப்பு விதையில் வெள்ளையாக இதயக் குறி தெரியும். சந்தையில் வாங்கியது சரியான கொடிதானா என்று பார்க்கவும் இது உதவும்.

கசப்புக்குப் பெரும்பாலும் காரணம், கடைசி நேரத்தில் இலையை நறுக்கித் தயார் மாவில் போடுவதுதான். இட்லி அரிசி 2 கப், உளுந்து கால் கப், வெந்தயம் 1 டீஸ்பூன் எடுத்து 4 மணி நேரம் ஊறவையுங்கள். முற்றாத இலை 2 கைப்பிடியை முதலில் மையாக அரைத்து, அதோடு அரிசி, உளுந்தை அரைத்து உப்புப் போட்டுக் கரைத்து 8 மணி நேரம் புளிக்க விடுங்கள். கசப்பு நன்றாக அடங்கிவிடும். முற்றிய தண்டு சேர்ந்தால் வாயில் நார் தட்டும். புதிதாகச் சாப்பிடுபவர்களுக்கு வயிறு இளகலாம், ஒரு கைப்பிடியில் தொடங்குங்கள். பெயரை நம்பி மூட்டுவலி மருந்தை நிறுத்த வேண்டாம்.

கேள்வி: தக்காளி அமெரிக்காவிலிருந்து வந்தது. அப்படியானால் மணத்தக்காளிக்கு அந்தப் பெயர் எப்படி?

பதில்: தலைகீழாகப் பாருங்கள். தக்காளி இங்கிருந்த சிறுசெடிகளின் பெயர். கடல்கடந்து வந்த பெரிய பழம் முதலில் ‘சீமைத் தக்காளி’ ஆகி, பிறகு அடைமொழியை உதறிவிட்டுப் பெயரையே எடுத்துக்கொண்டது! மணத்தக்காளியை மணல் + தக்காளி என்று பிரித்தால், புணர்ந்து மணற்றக்காளி ஆகும். முடக்கற்றானில் பார்த்த அதே ‘ற்ற’ இதிலும் ‘த்த’ ஆகியிருக்கலாம். மணி போன்ற காய் என்பதால் மணித்தக்காளி என்பாரும் உண்டு. கொங்குப் பக்கம் சுக்குட்டிக்கீரை.

பச்சைக்காயை அப்படியே தின்னக் கூடாது. வத்தல் போடும்போது காயை லேசாக நசுக்கி உப்பு மோரில் ஊறவையுங்கள். நசுக்காவிட்டால் உப்பு ஏறாது, எண்ணெயில் வெடிக்கும்.

கேள்வி: அரைக்கீரையா, அறைக்கீரையா?

பதில்: இன்று எழுதுவது அரைக்கீரை. அகராதியில் அறுகீரை என்றும் இருக்கிறது. வேரோடு பிடுங்காமல் அறுத்து எடுப்பதற்கு அது பொருந்துகிறது. விதைத்த 25 நாள் வாக்கில் முதல் அறுப்பு, பிறகு வாரம் பத்து நாளுக்கு ஒருமுறை. தரையை ஒட்டி அறுத்தால் துளிர்க்கக் கணு இருக்காது. இரண்டு விரற்கடை விட்டு அறுங்கள்.